முதல் தேதி தெரியாத ஆய்வு மாணவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வு நிறுவனங்கள் இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு என்னென்ன செய்து தர வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆய்வுக் கட்டுரை எழுதப் பயிற்சி, மாநாடுகளுக்குப் போய்வரப் பயண உதவி, மனநல ஆலோசனை என்று அதில் சொன்ன எல்லாமே தேவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உதவித்தொகை மாதாமாதம், சொன்ன தேதியில் கைக்கு வர வேண்டும்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சி செய்தவன் இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களின் பில்கள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. அந்த மேசையில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஒரு தாவரவியல் மாணவியை என்னால் மறக்க முடியவில்லை. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்கி வந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையில், மழைக்குப் பிறகு சில வாரங்களே பூக்கும் ஒரு செடியைப் பற்றி ஆய்வு செய்தார். அந்த வருடம் ஏழு மாதமாக அவருக்குத் தொகை வரவில்லை. காட்டுக்குள் போக வண்டி வாடகை, தங்கும் செலவு, துணைக்கு வரும் ஆளுக்குக் கூலி எல்லாம் முதலில் கைக்காசைப் போட்டுச் செலவழித்து, அப்புறம்தான் கன்டின்ஜென்சி என்னும் ஆய்வுச் சில்லறைச் செலவுத் தொகையில் பில் வைத்து வாங்க முடியும். கைக்காசு ஏது? "ஏம்மா, அடுத்த மாசம் போனா ஆகாதா?" என்று கேட்டேன். "பூ உதிர்ந்திரும் சார்" என்றார்.

ஜனவரியில் ஏழு மாதத் தொகையும் மொத்தமாக வந்துவிட்டது. எங்கள் பதிவேட்டில் நிலுவை ஏதும் இல்லை. அவர் அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்தார். ஜேஆர்எஃப் இரண்டு வருடம், அதற்கு அடுத்த நிலையான, தொகை கூடிய எஸ்ஆர்எஃப் மூன்று வருடம், ஆக மொத்தம் ஐந்து வருடம்தான் உதவித்தொகை. அதில் ஒரு வருடத்தின் களப்பணி அப்படியே போனது. அவர் ஆய்வில் தொடர்கிறார் என்று சொல்லும் தொடர்ச்சிச் சான்றிதழ் எங்கள் பிரிவில் ஒரு மாதத்துக்கும் மேல் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். அதை இன்று நினைத்தாலும் மனது உறுத்துகிறது.

தாமதம் எங்கே பிறக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. டெல்லி பணம் அனுப்பவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாதி உண்மை அது.

வெளி அமைப்பின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டமான புராஜெக்டில் வேலை செய்யும் ஆய்வு மாணவரை, எங்கள் பேச்சில் ஸ்காலரை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுப் பணம் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். இரண்டாம் ஆண்டுக்கு, முதல் ஆண்டில் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். அலுவலகத்தில் அதை யூசி என்போம். மார்ச் 31-இல் கணக்கை முடித்து, வவுச்சர்களை ஒப்பிட்டு, தணிக்கையாளர் கையெழுத்து வாங்குவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடும். ஒரு செலவுத் தலைப்பில் இருந்த பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழித்திருந்தால் அதற்கு ஒரு விளக்கக் கடிதம். எல்லாம் போய்ச் சேர்ந்து, நிதி தரும் அமைப்பு பார்த்து, தொகையை விடுவிக்கும்போது சில சமயம் தீபாவளி வந்துவிடும். இதற்கு நடுவில் ஏப்ரலிலிருந்து அந்த ஸ்காலர் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். சம்பளம் வராத ஏழாவது மாதத்தில் நாங்கள் யாராவது அலுவலகம் வந்திருப்போமா?

ஜேஆர்எஃப் போன்ற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உதவித்தொகையில் பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். ஆனால் இவர் இந்த மாதம் இங்கே ஆய்வில் இருந்தார் என்று பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவிட, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். பதிவிடுகிறவர் மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போனால் அந்த மாதம் தவறிவிடும். எங்களிடம் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு ஆண்டு முடிந்து எஸ்ஆர்எஃப் ஆக்குவதற்கு மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும். வெளியிலிருந்து வரும் நிபுணருக்குத் தேதி ஒத்துவரவில்லை என்றால் ஸ்காலர் பழைய தொகையிலேயே இருப்பார்.

தொகையையே எடுத்துக்கொண்டாலும் அது எப்படி உயர்ந்தது என்பது நினைவிருக்கட்டும். 2010-இல் மாதம் 16,000 ஆக இருந்த ஜேஆர்எஃப் 2014-இல் 25,000 ஆனது, 2019-இல் 31,000, 2023-இல் 37,000. ஒவ்வொரு முறையும் நாடு முழுவதும் ஸ்காலர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் இது நடந்தது. அகவிலைப்படி மாதிரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஏறும் ஏற்பாடு இதில் கிடையாது. கடைசி உயர்வு 2023 ஜனவரி 1 முதல் என்றாலும், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆணை வந்தது ஜூன் மாதக் கடைசியில். இதெல்லாம் டெல்லி பார்க்க வேண்டியது. முதல் தேதி விஷயத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம்.

என் யோசனை மிகச் சின்னது. ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் ஒரு சுழல்நிதி வைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்து மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கே சுழல்நிதி என்றால் என்னவென்று தெரியும். பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதா? தொகை வராத மாதத்தில் அந்த நிதியிலிருந்து முன்பணம் கொடுக்க வேண்டும், வந்ததும் கழித்துக்கொள்ள வேண்டும். முழுத் தொகையும் தர வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அறை வாடகைக்கும் மெஸ் பில்லுக்கும் 15,000 ரூபாய் கொடுத்தால் போதும். 20 ஸ்காலர்கள் உள்ள நிறுவனத்தில் எல்லோருக்கும் ஆறு மாதம் தொடர்ந்து கொடுத்தாலும் 18 லட்சம்தான். அதுவும் செலவாகிவிடாது, திரும்பி வருகிற பணம். புராஜெக்டுகளிலிருந்து ஓவர்ஹெட் என்று பல்கலைக்கழகம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம்.

தணிக்கையில் என்ன கேட்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டால் யார் பொறுப்பு? புராஜெக்ட் ஸ்காலருக்குப் பணம் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் வருகிறது, அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். நேரடியாக வங்கியில் பெறுகிறவர் ஓர் உறுதிமொழி எழுதித் தரட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நூலகம், விடுதி எல்லாவற்றிலும் பாக்கி இல்லை என்று நோ டியூஸ் சான்று வாங்குகிறார்கள் அல்லவா, அதில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் தீர்ந்தது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு பேர் தராமல் போகலாம். போகட்டும். அலுவலர்களான எங்களுக்குப் பண்டிகை முன்பணம் கொடுத்துவிட்டு மாதத் தவணையில் பிடித்துக்கொண்டார்கள். 31 ஆண்டுகளில் அந்தக் கணக்கால் பல்கலைக்கழகம் மூழ்கிவிடவில்லை.

சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறுவதை அறிவேன். நானும் ஓய்வூதியம் வாங்குகிறவன்தான். அப்படிப்பட்ட இடங்களில் முதல் வைப்புத்தொகையை உயர்கல்வித் துறை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் அது தானாகச் சுழலும்.

எந்த உதவித்தொகையும் இல்லாமல், கட்டணத்தைக் கையிலிருந்து கட்டிப் படிக்கிறவர்களும் நம் பல்கலைக்கழகங்களில் நிறைய. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு வரவில்லை. அது தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டிய விஷயம்.

முடியாத காரியமா இது? 1913-ஐப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார் கணித மேதை ராமானுஜன். வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணிதத்தைப் பார்த்துவிட்டுப் பிப்ரவரி கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனிடம் பட்டம் இல்லை. ஆய்வு உதவித்தொகைக்கான விதிப்படி அவருக்குத் தர வழியும் இல்லை. கல்விக் குழு கூடியது, பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் கூடியது, விதிவிலக்கு கொடுத்தது. மே 1 முதல் மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று ஓர் அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கடிதத்துக்கும் உதவித்தொகைக்கும் நடுவே இரண்டு மாதம். கணினி இல்லை, இணையம் இல்லை. கோப்பை யாரோ ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அந்தக் காலத்துப் பதிவாளர் அலுவலகத்தில் கோப்பைத் தேங்கவிடாமல் நகர்த்திய எழுத்தரின் பெயர் நமக்குத் தெரியாது. என் வேலையை நான் அவரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஸ்காலர்கள் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள் என்பதாலும்தான் நான் எழுதுகிறேன். கைடு வருத்தப்படுவார், துறைத்தலைவர் கோபப்படுவார், நாளை வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நடக்க வேண்டும். கவுன்டரில் வந்து நின்று "சார், ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். முப்பது வயதை நெருங்குகிறவர்கள், வீட்டில் தம்பி தங்கைகள் சம்பாதிக்க ஆரம்பித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்ததில்லை.

சுழல்நிதிக்கான விதிமுறை, முன்பண விண்ணப்பப் படிவம், உறுதிமொழிப் பத்திரம், பிடித்தம் செய்வதற்கான பதிவேட்டு மாதிரி எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் ஆறு பக்கம். எந்தப் பல்கலைக்கழகம் கேட்டாலும் இலவசமாகத் தருகிறேன். முதல் மூன்று மாதம் வந்து கூட உட்கார்ந்து கணக்கு எழுதச் சொன்னாலும் வருகிறேன். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நிதிப் பிரிவு அலுவலர்,
விருதுநகர்.