வெறுமையாக விடப்படும் அந்த ஒரு வரி: நம் ரசிகர் விக்கியின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் உடன் தொகுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். ஒரு தொடரைப் பற்றி ரசிகர்களாகிய நாம் சேர்ந்து எழுதும் இந்த இணையக் கலைக்களஞ்சியத்தில், ஒரு துணைக் கதாபாத்திரத்தின் பக்கத்தில் சென்ற மாதம் நடந்த சண்டையை நீங்கள் அறிவீர்கள். பக்கத்தைப் பூட்டியதும், இரண்டு பயனர்களை ஒரு வாரம் தடை செய்ததும், பிறகு பூட்டைத் திறந்ததும் நீங்கள்தான். ஆகவே யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. சண்டை ஓய்ந்தது, எல்லோரும் வேறு பக்கங்களுக்குப் போய்விட்டார்கள். ஆனால் எந்த வரிக்காகச் சண்டை வந்ததோ, அதாவது அந்தக் கதாபாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று சொல்லும் வரி, இன்றும் தவறாகவே நிற்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். தொகுப்புச் சுருக்கத்தை, அதாவது ஒரு மாற்றத்தை ஏன் செய்தோம் என்று சேமிக்கும்போது எழுதும் அந்த ஒரு வரியை, வெறுமையாக விட்டுவிட்டு யாரும் எந்த மாற்றத்தையும் சேமிக்க முடியாதபடி செய்யுங்கள்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு திறந்த மடலா என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த வரிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தக் கதாபாத்திரம் தொடர் முழுவதிலும் ஒன்பது எபிசோடுகளில்தான் வருகிறது. அதற்குக் குரல் கொடுத்தவரின் பெயர் தொடக்கப் பட்டியலில் இல்லை. இறுதிப் பட்டியலில் எட்டு முறை ‘கூடுதல் குரல்கள்’ என்ற தலைப்பின் கீழ் பத்துப் பெயர்களோடு கலந்து ஓடிவிடுகிறது. ஒரே ஒரு எபிசோடில் மட்டும் கதாபாத்திரத்தின் பெயருக்கு எதிரே அந்தக் கலைஞரின் பெயர் தனியாக வருகிறது. இணையத்தில் தொடரைப் பார்ப்பவர்கள் அதைக் காணவே மாட்டார்கள்; இறுதிப் பட்டியல் தொடங்கியதுமே திரை சுருங்கி அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகிறது. பழைய டிவிடி ஒன்றைத் தேடி வாங்கி, படத்தை நிறுத்தி நிறுத்தி நகர்த்தித்தான் அந்தப் பெயரைப் படித்தேன். இரண்டு விநாடிகூட அது திரையில் நிற்கவில்லை. பெயரைப் பக்கத்தில் சேர்த்தபோது சுருக்கப் பெட்டியில் எபிசோட் எண்ணையும், நிமிடத்தையும் விநாடியையும், டிவிடி பதிப்பு என்பதையும் எழுதினேன். அடுத்து வருபவர் யாராக இருந்தாலும், என்னை நம்ப வேண்டிய அவசியமில்லாமல், தாமே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக.

இரண்டு ஆண்டுகள் அந்த வரி அப்படியே இருந்தது. பிறகு ஒருவர் வந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டு, தொடரின் நாயகனுக்குக் குரல் கொடுத்த புகழ்பெற்ற கலைஞரின் பெயரை வைத்தார். சுருக்கம் இல்லை. ஏன் மாற்றினார் என்பது அவருக்கே இன்று நினைவிருக்குமா என்று தெரியவில்லை. குரல் அவர் குரலைப் போல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். இன்னொருவருக்குப் பக்கத்தின் தலைப்பில் ஓர் எழுத்து பிழையாகத் தெரிந்தது. ‘நகர்த்து’ என்ற வசதி ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் பக்கத்தோடு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற அதன் வரலாறும் சேர்ந்து நகரும். அவர் அதைச் செய்யவில்லை. புதிய தலைப்பில் ஒரு பக்கத்தைத் தொடங்கி, பழைய பக்கத்தின் உள்ளடக்கத்தை அப்படியே படியெடுத்து ஒட்டினார். பழைய பக்கத்தை, வருபவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பிவிடும் வெறும் வழிமாற்றாக ஆக்கினார். இரண்டு முறையும் சுருக்கம் இல்லை. அந்தக் கணத்தில் அந்தப் பக்கத்தின் ஆறு ஆண்டு வரலாறு பழைய தலைப்புக்குள் புதைந்துபோனது. புதிய பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மனிதர் எழுதியதாகக் காட்டும். நம் உள்ளடக்கம் எந்த உரிமத்தின் கீழ் வெளியாகிறதோ, அந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. நம்மிடம் அந்தக் குறிப்பு என்பது வரலாற்றுப் பக்கம்தான். அதை ஒருவர் யோசிக்காமல் துண்டித்துவிட்டுப் போனார். யாருக்கும் தெரியவும் இல்லை, ஏனென்றால் எல்லா மாற்றங்களையும் பட்டியலிடும் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் காரணமாக ஒரு சொல்லும் இல்லை.

இதற்கிடையே வேறு சில தளங்கள் நம் பக்கத்திலிருந்து அந்தப் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டன. சில மாதங்கள் கழித்து இன்னொரு தொகுப்பாளர் வந்து, அதே தளங்களில் ஒன்றைச் சான்றாக நம் பக்கத்தில் இணைத்தார். நம் தவறுக்கு நம் தவறே சாட்சி சொன்னது.

பிறகுதான் உரையாடல் பக்கத்தில் அந்தக் கேள்வி வந்தது. கணக்கு இல்லாத ஒருவர் எழுதியிருந்தார்: இது என் அம்மாவின் குரல், முன்பு இங்கே அவர் பெயர் இருந்தது, ஏன் எடுத்துவிட்டீர்கள்? பதினெட்டு நாள் யாரும் பதில் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் ஒருவர் கீழே ‘சான்று?’ என்று ஒரே சொல்லை எழுதினார். மறுநாள் வேறொருவர் அந்தக் கேள்வியையே நீக்கினார். சுருக்கம் இல்லை.

எழுதியவர் உண்மையிலேயே அந்தக் கலைஞரின் பிள்ளைதானா என்று நம்மால் உறுதி செய்ய முடியாது. உறுதி செய்யத் தேவையும் இல்லை. பெயர் திரையில் இருக்கிறது. அது எந்த எபிசோடில், எந்த விநாடியில் இருக்கிறது என்பது நம் விக்கியிலேயே எழுதப்பட்டிருந்தது. கேட்டவரிடம் சான்று கேட்டோம். சான்று நம் கையில்தான் இருந்தது. நகர்த்தாமல் படியெடுத்த அந்த ஒரு செயலாலும், வெறுமையாக விடப்பட்ட ஐந்தாறு பெட்டிகளாலும் அது நம் கண்ணுக்கே தெரியாமல் போனது. அதற்குப் பின் அந்த மனிதர் திரும்பி வரவில்லை. ஒரு தொடரில் ஒன்பது முறை ஒலித்த குரலுக்கு உலகத்தில் இருந்த ஒரே பதிவை நாம் அழித்துவிட்டு, அதைக் கேட்க வந்தவரையும் அனுப்பிவிட்டோம். இதை என்னால் சிறிய விஷயமாக நினைக்க முடியவில்லை.

சான்றில்லாத ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளியிலும் எடுத்துக்காட்டுகள் உண்டு. 2007இல் பிரிட்டனின் தொலைக்காட்சி இசையமைப்பாளர் ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் இறந்தபோது, எஸ் கிளப் 7 என்ற பாப் குழுவின் பாடல் ஒன்றை அவர் இணைந்து எழுதியதாகப் பெரிய நாளிதழ்கள் இரங்கல் குறிப்பில் வெளியிட்டன. அவருக்கும் அந்தப் பாடலுக்கும் தொடர்பே இல்லை. யாரோ விக்கிப்பீடியாவில் நுழைத்த ஒரு வரி அது. 2009இல் மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்ற இசையமைப்பாளர் மொரீஸ் ஜார் இறந்தபோது, டப்ளினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அவர் சொன்னதாக ஒரு பொய் மேற்கோளை அங்கே சேர்த்தார். தொகுப்பாளர்கள் சான்று இல்லை என்று அதை நீக்கினார்கள். ஆனாலும் அதற்குள் அது செய்தித்தாள்களுக்குப் போய்விட்டது. அவ்வளவு கண்கள் பார்க்கும் இடத்திலேயே இப்படி. நம்மைப் போன்ற சிறிய விக்கியில் ஒரு பக்கத்தின் மாற்றங்களைக் கண்காணிக்க அதைத் தம் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. அவர்களுக்கும் ஒரு மாற்றம் ஏன் நடந்தது என்று சொல்லப்படாவிட்டால், அவர்கள் எதைக் கொண்டு காவல் காப்பார்கள்?

ஆகவே மீண்டும் கேட்கிறேன்: சுருக்கம் இல்லாத சேமிப்பை நிறுத்துங்கள்.

சொல்லத் தொடங்கிவிட்டதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்குள் உரையாடும் பழக்கம் நம்மிடம் தொற்றுநோய்போலப் பரவியிருக்கிறது. ஒருவர் ஒரு காட்சியைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார். அடுத்தவர் அதைத் திருத்துவதில்லை. அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, ‘ஆனால் உண்மையில்’ என்று தொடங்கி மறுக்கிறார். மூன்றாமவர் அதற்கும் கீழே உள்தள்ளி, ‘இருந்தாலும்’ என்று மறுப்பை மறுக்கிறார். படிக்க வந்தவர் எதை நம்புவார்? முதல் வரி தவறு என்றால் அந்த வரியைத் திருத்துங்கள். தவறா சரியா என்பதில் ஐயம் இருந்தால் உரையாடல் பக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. தமக்குப் பிடித்த கதாபாத்திரம் செய்த கொடுமைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சமாதானத்தை ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். கதைக்குள் அந்தச் சமாதானம் இருந்தால் எழுதுங்கள். அது உங்கள் மனத்துக்குள் மட்டும் இருந்தால், தயவுசெய்து அங்கேயே இருக்கட்டும்.

‘சமீபத்தில்’, ‘தற்போது’, ‘விரைவில் வெளியாக உள்ள’ போன்ற சொற்களும் அப்படித்தான். எழுதிய வாரத்தில் அவை உண்மை. ஐந்து ஆண்டுகளாக ‘விரைவில் வெளியாக உள்ள’ மூன்றாம் பருவம் ஒன்று நம் முதற்பக்கத்திலிருந்து ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. தேதியை எழுதுங்கள், போதும். கதைச் சுருக்கங்களோ காட்சிக்குக் காட்சி வசனத்தோடு நீள்கின்றன. ஒரு முழுநீளத் திரைப்படத்தின் கதையை 400 முதல் 700 சொற்களுக்குள் சொல்ல வேண்டும் என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். நம்மிடம் இருபது நிமிட எபிசோடுக்கு அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. முன்னோட்டக் காட்சியை வைத்துக் கதையை ஊகித்து எழுதுவது, புதிய படம் அறிவிக்கப்பட்ட நிமிடமே பக்கத்தைத் தொடங்கியவர் என்ற பெயருக்காக ஒற்றை வரிப் பக்கத்தை உருவாக்கிவிட்டு மறைந்துவிடுவது, இரண்டு எழுத்துப்பெயர்ப்புகளில் எது சரி என்று நாள் முழுக்க ஒருவர் மாற்றத்தை மற்றவர் நீக்கிப் பழையபடி மாற்றி மாற்றி மீளமைப்பது... 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை என்ற விதியை விக்கிப்பீடியா வெகு காலத்துக்கு முன்பே கொண்டுவந்தது ஏன் என்பது, சென்ற மாதத்துக்குப் பிறகு நமக்கும் புரிந்திருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊதியமில்லாமல், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நீங்கள் செய்யும் வேலைக்கு நான் நன்றியுள்ளவன். அதனால்தான் பத்துக் கோரிக்கைகள் வைக்காமல் ஒன்றை மட்டும் வைக்கிறேன். அந்த ஒன்று மற்ற பழக்கங்களில் பாதியைத் தானாகவே மட்டுப்படுத்தும் என்று நம்புகிறேன். ‘குரல் அவர் குரல் போல் இருந்தது’ என்று ஒருவர் தம் கையாலேயே எழுத வேண்டியிருந்தால், சேமிக்கும் முன் ஒரு நொடி நின்றிருப்பார். நிற்காவிட்டாலும், அடுத்து வந்தவர் அதைப் படித்துவிட்டுச் சரிசெய்திருப்பார்.

இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். நாம் பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளில், சுருக்கம் வெறுமையாக இருந்தால் நினைவூட்டும் வசதி பயனர் விருப்பத்தேர்வுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது அதைத் தேடிப் போய் இயக்கிக்கொண்டவர்களுக்கு மட்டுமே அது வேலை செய்கிறது. எல்லோருக்கும் இயல்பாகவே இயங்கும்படி தள அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் அது நினைவூட்டுமே தவிர, இரண்டாம் முறை அழுத்தினால் விட்டுவிடும்.  அந்த ஓட்டையை, விதிக்குப் பொருந்தாத மாற்றங்களைச் சேமிக்கும் முன்பே தடுக்கும் தொகுத்தல் வடிகட்டியில் ஒரு விதி எழுதி அடைக்கலாம். உரையாடல் பக்கங்களுக்கும், புதியவர்கள் தொகுத்துப் பழகும் மணல்தொட்டிப் பக்கத்துக்கும் விலக்குக் கொடுங்கள். அங்கே கேள்வி கேட்க வருபவரை எதுவும் தடுக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் பிறர் எழுதியதை நீக்குபவர் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

புதியவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள் என்று உங்களில் ஒருவர் முன்பு சொன்னார். நான் ஒன்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். காரணம் கேட்டதால் போன புதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காரணம் சொல்லாமல் தம் உழைப்பை அழித்ததால் போனவர்களின் பயனர் பக்கங்களை வேண்டுமானால் எடுத்துக் காட்ட முடியும். சிலர் ஒற்றைப் புள்ளியைத் தட்டிவிட்டுப் போவார்கள் என்பதும் உண்மைதான். அப்போது அந்தப் புள்ளியே அவர்களைப் பற்றிச் சொல்லிவிடும்.

1995இல் முதல் விக்கியைத் தொடங்கிய வார்ட் கனிங்காம், ‘விரைவு’ என்று பொருள்படும் ஹவாய்ச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். யாரும் எதையும் உடனே மாற்றலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் அழகு. என்னையும் இங்கே இழுத்து வந்தது அதுதான். ஐந்து சொற்களைத் தட்டச்சு செய்ய ஆகும் நேரத்தால் அந்த விரைவு கெட்டுவிடாது.

கூடவே ஒரு வேண்டுகோள். பழைய தலைப்பில் புதைந்திருக்கும் வரலாற்றைப் புதிய பக்கத்தின் வரலாற்றோடு இணைத்துத் தாருங்கள். அது நிர்வாகிகளால் மட்டுமே முடிகிற வேலை. நீக்கப்பட்ட அந்தக் கேள்வியை உரையாடல் பக்கத்தில் மீட்டு வையுங்கள். டிவிடி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு விநாடித் திரையைப் படமாக எடுத்து வைத்திருக்கிறேன். வரலாறு இணைக்கப்பட்ட அன்றே பெயரை மீண்டும் சேர்ப்பேன். கேள்விக்குக் கீழே பதிலையும் மன்னிப்பையும் நானே எழுதுகிறேன். கேட்டவர் என்றாவது திரும்பி வந்தால் அது அங்கே இருக்க வேண்டும்.

சுருக்கம் இல்லாமல் எதையும் சேமிக்க முடியாதபடி செய்யுங்கள். பணிவோடு கேட்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு தொகுத்து வரும் ஒரு பயனர்