டக்ஸ்ஃபர்டின் மேடு

அன்பு மகளுக்கு,

இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் அமெரிக்க வான் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பும் வழியில், "தரைக்குள் பாதி புதைந்த மேடு போல இருக்கிறதே, இதற்கா 1998-இல் கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு கொடுத்தார்கள்?" என்று கேட்டாய். அப்போது பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஊர் வந்து சேர்ந்த பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1997-இல் திறக்கப்பட்ட அந்த அமெரிக்க வான் அருங்காட்சியகத்தை வடிவமைத்த நார்மன் ஃபாஸ்டர், கூடத்தை முதலில் வரைந்துவிட்டுப் பிறகு விமானங்களுக்கு இடம் தேடவில்லை. இறக்கை நுனிகளுக்கிடையே ஏறத்தாழ 56 மீட்டர் அகலமுள்ள பி-52 குண்டுவீச்சு விமானத்தை மனத்தில் நிறுத்தி, அந்த அகலத்துக்கும் வாலின் உயரத்துக்கும் தக்கபடியே கூரையை வளைத்தார். நீ மேடு என்றது அந்த விமானத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கான்கிரீட்டோடே காலம் கழித்தவன் என்பதால், விமானங்களைவிடக் கூரையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். உளுந்து வடையின் ஒரு பக்கத்தைச் சீவியெடுத்தால் என்ன வடிவம் கிடைக்குமோ, அதுதான் அந்தக் கூரையின் வடிவம். அத்தகைய பரப்பில் வளைவு ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதால், 900-க்கும் மேற்பட்ட கான்கிரீட் பலகைகளைச் சில வகை அச்சுகளிலேயே முன்கூட்டி வார்த்து, இரண்டு அடுக்காகப் பொருத்த முடிந்தது. நடுவில் ஒரு தூணும் இன்றி ஏறத்தாழ 90 மீட்டர் அகலத்தைத் தாண்டும் அந்தக் கூரை, தன் எடையோடு, அதிலிருந்து தொங்கும் விமானங்களையும் தாங்குகிறது. சரிவுப் பாதையில் நான் நெடுநேரம் நின்றதற்கு முழங்கால் வலி மட்டும் காரணமன்று.

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டடத்துக்கு முகமே இல்லை என்ற உன் குறையை நானும் ஏற்கிறேன். ஆனால், வெளியே வரிசையாக நிற்கும் 52 கண்ணாடிப் பலகைகளில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனிலிருந்து பறந்து இழக்கப்பட்ட 7,031 அமெரிக்க விமானங்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகு, அவற்றின் அருகே நிமிர்ந்து நிற்கும் முகப்பொன்று இருந்திருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும் என்றே எனக்குப் பட்டது.

நாம் பின்பக்கமாக நுழைந்து அவ்வழியே திரும்பிவிட்டோம். அடுத்த முறை, விமானங்களை உள்ளே கொண்டுவரவும் வெளியே எடுக்கவும் கழற்றி மாட்டத்தக்கதாக அமைத்த பெரிய கண்ணாடிச் சுவருக்கு எதிரே, ஓடுபாதைப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு எழுது. கம்பளிச் சட்டையை மறந்துவிடாதே. அந்தத் திடலில் காற்றுக்குத் தடையே இல்லை.

அன்புடன்,
அப்பா