கட்டுரையில் 'ஏனென்றால்' எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை, எல்லாம் செல்போன் செய்த வேலை என்று சென்ற வாரம் உங்கள் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகள் முதுகலைத் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செல்போன் பள்ளிக்கூட வாசலை எட்டிப் பார்ப்பதற்கு முன்பும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதினார்கள். நாங்கள்தான் அப்படி எழுத வைத்தோம்.

நாங்கள் கொடுத்த தலைப்புகளைப் பாருங்கள். நெகிழி ஒழிப்பு, போதை, சாலைப் பாதுகாப்பு, நீர் மேலாண்மை. இவற்றில் எதற்காவது எதிர்த்து வாதிட ஒரு தரப்பு உண்டா? போதை நல்லது என்று எந்தப் பிள்ளை எழுதப்போகிறது? ஊரே ஒப்புக்கொண்ட ஒன்றை, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடியும் குறிப்புச் சட்டகத்தில், நாற்பது பேரும் ஒரே மாதிரி நிரப்பித் தருவார்கள். முடிவுரை எல்லாருக்கும் மனப்பாடம்: "இன்ன இன்னதை ஒழிப்போம்! வளமான பாரதம் படைப்போம்!" நடுவில் தலைப்பைச் செருகினால் வேலை முடிந்தது. ஒரு காலாண்டுத் தேர்வில், சாலைப் பாதுகாப்புக் கட்டுரைக்கு ஒரு பையன் அவசரத்தில் "சாலைகளை ஒழிப்போம்" என்று எழுதிவிட்டான். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்தேன். மதிப்பெண்ணையும் போட்டேன். உட்தலைப்பு இருந்தது, அடிக்கோடு இருந்தது, குறளும் இருந்தது. விடைக்குறிப்பு வேறு என்ன கேட்கிறது?

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமிலும் இதே கதைதான். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. கட்டுரைப் பக்கம் வந்ததும் கண் தானாக உட்தலைப்பைத் தேடும். உள்ளே என்ன இருக்கிறது என்று நின்று படித்தால் கட்டு முடியாது. நான் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருடம், விளையாட்டுப் போல, கட்டுரைப் பக்கங்களில் 'ஏனென்றால்' என்ற சொல்லை மட்டும் தேடிக்கொண்டே போனேன். 'ஏனெனில்', 'ஆதலால்' எல்லாவற்றையும் சேர்த்துத்தான். ஒரு கட்டில் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'வேண்டும்' மட்டும் வரிக்கு வரி இருந்தது.

சரி, வாதம் செய்வது தமிழுக்குப் புதிதா? பதினோராம் வகுப்பில் பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். பட்டிமன்றம் என்று உடனே பதில் வரும். பட்டிமண்டபம் என்ற சொல்லே மணிமேகலையில் இருக்கிறது. புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் / பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்கிறான். சமய வாதம் செய்கிறவர்களே, முறையறிந்து வாத மேடை ஏறுங்கள் என்று பொருள். இந்த வரியை மேடையில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அடுத்த இரண்டு வரியை அவ்வளவாகக் கேட்டதில்லை: "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் / செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்." பகைவரோடு ஆனாலும் சினமும் சச்சரவும் வேண்டாம், விலகிப் போங்கள் என்கிறான்.

அதே நூலில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் இடம் வகுப்பறைக்கென்றே செய்தது போல இருக்கும். இம்மலை நெருப்புடைத்து, இது பக்கம். புகையுடைத்து ஆதலால், இது ஏது. அடுக்களை போல், இது திட்டாந்தம். நீ நிறுவ வந்தது எது, அதற்குக் காரணம் என்ன, கண்ணால் பார்த்த உதாரணம் ஒன்று. கரும்பலகையில் இந்த மூன்றையும் எழுதிப்போட்டு, காலையில் வீட்டில் போட்ட சண்டை ஒன்றை இதில் அடைக்கச் சொல்வேன். "எனக்குப் புது செருப்பு வேணும்" என்பதற்குப் பக்கமும் ஏதுவும் எழுதிவிட்டுத் திட்டாந்தத்துக்கு முழித்த பையன், கடைசியில் "தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது போல்" என்று எழுதினான். வகுப்பு கைதட்டியது.

பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் நிறைய. மாவட்டப் போட்டியில் கேடயம் வாங்கியவர்கள் கூட உண்டு. அவர்களைத் தாளில் எழுத வைத்தால்தான் சங்கடம். மேடையில் குரலை உயர்த்தி, ஒரு சினிமா வசனத்தைப் போட்டு, கைதட்டல் வாங்கிவிட்டால் ஏது இல்லாததை யாரும் கவனிக்கப் போவதில்லை. தாளில் அதை மறைக்க இடமில்லை.

அதற்காக நான் வைத்த ஏற்பாட்டுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மறுதலை நோட்டு'. மறுதலை என்றால் மறுப்பு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதி பரபக்கம். அதில் அருணந்தி சிவாசாரியார், கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதன் மதத்தை, அதாவது கொள்கையை, முதலில் முழுதாகச் சொல்வார். அப்புறம்தான் மறுதலை. ஒவ்வொரு மதத்துக்கும் இதே முறை. நோட்டில் இடப்பக்கம் எதிராளியின் கட்சி, அதாவது அவர் தரப்பு; வலப்பக்கம் மறுதலை. ஒரே ஒரு விதி: இடப்பக்கத்தை அந்தக் கட்சியைச் சேர்ந்த ஒருவரிடம் படித்துக் காட்டி, "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதுவரை வலப்பக்கத்தில் பேனா வைக்கக் கூடாது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றலாமா என்று டீக்கடையிலும் சலூனிலும் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. சிறப்புத் தமிழ் எடுத்த 17 பேருக்கும் அதையே தலைப்பாகக் கொடுத்தேன். அதில் ஒரு பெண்ணின் அம்மா பேருந்து நிலைய வாசலில் பூ விற்கிறவர். மாற்றக் கூடாது என்பது அவள் கட்சி. அப்படியானால் இடப்பக்கத்தில் மாற்ற வேண்டும் என்று எழுதியாக வேண்டும்.

"இது எனக்கு வராதும்மா. எங்கம்மாவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு" என்றாள்.

"எழுதிட்டு அப்புறம் கிழிச்சுப் போடு. முதல்ல எழுது" என்றேன்.

மாற்றச் சொல்கிறவர்கள் எல்லாம் புறவழிச்சாலையில் மனை வாங்கிப் போட்டவர்கள் என்று அரைப்பக்கம் எழுதி, அவள் தெருவில் குடியிருக்கும் 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் கையெழுத்துப் போடவில்லை. "இது என் கட்சி இல்ல பாப்பா. எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் கடைத்தெரு முக்குல வண்டியோட நிக்கிறேன்ல, அதை எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் சாயங்காலம் அவளே அந்த முக்கில் போய் நின்று பார்த்தாள். பள்ளி விடுகிற நேரத்தில் இரண்டு வெளியூர்ப் பேருந்துகள் எதிரெதிரே வந்து ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்றதையும், பின்னால் நின்ற வண்டிகளையும் எழுதினாள். இரண்டாம் முறை கையெழுத்து கிடைத்தது.

அதற்குப் பிறகு அவள் எழுதிய வலப்பக்கத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். அம்மாவின் கஷ்டத்தை மூன்று பக்கம் எழுதப்போவதாக முதலில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரே பக்கத்தில் முடித்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்கு வழி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்றுதான் தொடங்கினாள். வழியை அடைப்பது திரும்ப இடமில்லாத வெளியூர் வண்டிகள், நகரப் பேருந்துகள் அல்ல; ஆகவே வெளியூர் வண்டிகளை மட்டும் வெளியே கொண்டுபோனால் போதும் என்று வாதத்தை நகர்த்தினாள். கடைசிக்கு முந்தின வரியில் மட்டும், "பூ வாங்குகிறவர்கள் நகரப் பேருந்தில் வருகிறவர்கள்" என்று இருந்தது. அம்மாவைப் பற்றி அவ்வளவுதான். நன்னூலில் பவணந்தியார் எழுவகை மதம் என்று சொல்லும்போது "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே" என்கிறாரே, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு மறுப்பது, அதை அத்தனை வருடம் வகுப்பில் ஒப்பித்தும் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

எல்லா நோட்டும் இப்படி இல்லை. பாதிப் பேர் அண்ணனிடமும் மாமாவிடமும் கையெழுத்து வாங்கி வந்தார்கள். பக்கத்து ஊரில் மாற்றினார்கள், நெரிசல் தீர்ந்தது என்று ஒருவன் திட்டாந்தம் காட்ட, அந்த ஊரிலிருந்தே வருகிற இன்னொருவன் எழுந்து, "எங்கடா தீர்ந்துச்சு? பஸ்ஸுக்குப் பதிலா ஷேர் ஆட்டோ நிக்குது" என்றான். அன்றைய பாடம் அதோடு முடிந்தது. அதற்குமேல் நான் என்ன நடத்த?

திருத்துவதற்கும் நன்னூலைத்தான் பிடித்துக்கொண்டேன். அது நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றத்தைச் சுருக்கி ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுவேன். 'வெ.தொ.' என்றால் வெற்றெனத் தொடுத்தல், பொருளில்லாமல் சொல்லை அடுக்குவது. 'ம.வி.' என்றால் மற்றொன்று விரித்தல், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை வளர்ப்பது. போகப் போகச் சுவை குறைந்து முடியும் 'சென்றுதேய்ந்து இறுதல்' என்பதற்கு 'செ.தே.' பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒரு சுதந்திர தினத்தன்று சிறப்பு விருந்தினர் வெயிலில் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்து மெதுவாக "செ.தே., செ.தே." என்று சத்தம் கேட்டது. திரும்பி முறைத்தேன். வேறு வழியில்லை.

என் கட்சிக்கும் இடப்பக்கம் ஒன்று இருக்கிறது. ஒற்றுப்பிழை இல்லாமல் ஒரு பத்தி எழுத வராத பிள்ளைக்கு வாதம் எதற்கு என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிழை குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. சொந்தமாக எழுதத் தொடங்கியதும் முதல் பருவத்தில் பிழை கூடத்தான் செய்தது, மனப்பாடக் கட்டுரையில் பிழை வராதே. கருத்துக்கு எப்படி விடைக்குறிப்பு போடுவது என்றும் கேட்டார்கள். கருத்துக்குப் போட வேண்டாம். எதிர்க்கட்சியை நேர்மையாகச் சொன்னதற்கு 2, ஏதுவுக்கு 2, மறுதலைக்கு 2. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே மதிப்பெண்.

மூன்றாவது தடை ஊரின் எதிர்ப்பு, அதுதான் கடினமானது. திருவிழாவில் ஒலிபெருக்கி என்ற தலைப்பை ஒரு வருடம் கொடுத்துவிட்டு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். நாலு பேர் பள்ளிக்கு வந்தார்கள், தலைமையாசிரியர் அறையில் நிற்க வேண்டியிருந்தது. அதன்பிறகு சூடு குறைந்த தலைப்பாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். துணிச்சல்காரி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இரண்டு தாளாக இருந்த மொழிப்பாடம் 2018-19 முதல் ஒரே தாளாகிவிட்டது. சுமை குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. பிளஸ் டூ தமிழ்த் தாளின் 90 மதிப்பெண்ணில் 6 மதிப்பெண்ணுக்கு ஒரே ஒரு வினா கேட்கிறேன். மாணவர் முன்பின் பார்த்திராத இரண்டு பத்திகள், ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒரு பக்கம் எடுத்து எழுது, மற்றதை முதலில் சொல்லிவிட்டு எழுது. வினாத்தாளில் வந்துவிட்டால் வகுப்பில் தானாக வரும். வராவிட்டால் என்னைப் போல யாராவது ஒருத்தி வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தப் பூக்காரம்மா மகள் பொதுத்தேர்வு முடிந்த அன்று வந்து பார்த்தாள். கட்டுரையில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "சட்டகத்தைத்தாம்மா எழுதினேன். பரீட்சையில அதை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். சொன்னேன்தான்.

அந்த 17 நோட்டுகளும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பாடநூல் எழுதுகிறவர்களோ, முயன்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்களோ கேட்டால், பிள்ளைகளின் பெயரை மறைத்து நகல் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலைத் தமிழாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.