இதிகாச வகுப்பும் அன்றாடக் குறிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இணையவழி இதிகாச, கதைசொல்லல் வகுப்புகள் நடப்பது மகிழ்ச்சி. ஆனால் இரவு 10 மணிக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வகுப்புக் குறிப்பென்று பத்துப் பக்கக் கோப்பை அனுப்பினால் எந்தப் பிள்ளை படிக்கும்?

வகுப்புக்கு 2 மணி நேரம் முன்பே, கைப்பேசித் திரையில் அடங்கும் அளவு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினால் போதும்: அன்றைய காட்சி இரண்டு வரி, அதில் வரும் பெயர்கள் நான்கைந்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க ஒரு கேள்வி. பெயர்களை ஆசிரியரே உச்சரித்து அரை நிமிடக் குரல்பதிவாகவும் அனுப்ப வேண்டும். 'திரௌபதி', 'அசுவத்தாமன்' என்று எழுத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, கதை சொல்லும்போது அங்கேயே தடுக்கி நின்றுவிடும்.

எந்த நூலின்படி சொல்கிறோம் என்பதை அவசியம் குறிப்பிடுங்கள். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனிலோ தீண்டாமல், பர்ணசாலையோடு (இலைக்குடிலோடு) நிலத்தையே பெயர்த்து எடுத்துச் செல்கிறான். இதைச் சொல்லாமல் விட்டால், வீட்டில் பாட்டி சொன்ன கதை தவறென்று பிள்ளை எண்ணிவிடும். அது பெரிய இழப்பு.

குழுவில் அரட்டை ஓடினால் குறிப்பு மேலே போய் மறைந்துவிடும். ஆசிரியர் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றை அமைத்துவிடுங்கள்.

கதைசொல்லல் பயிற்றுநர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு