மழை பெய்தால் மிகாஸ்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்றதும் சந்தோஷம். முழங்கால் வலியைப் பற்றி எழுதினாயே, டாக்டரிடம் காட்டினாயா இல்லையா என்று சொல்லவே இல்லையே!

நான் இப்போது மகள் வீட்டில், ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையான அல்மெரியாவில் இருக்கிறேன். ஐரோப்பாவிலேயே மழை மிகக் குறைந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. கடலோரத்தில் சில இடங்களில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. பக்கத்தில் காபோ தெ காட்டா என்று ஒரு முனை, பழைய எரிமலைகள் கக்கிய பாறை. 1987 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா. அங்கே உப்பளத்தில் பூநாரைகள் நிற்கின்றன. நம் கோடியக்கரைக்கு வருகிற அதே இனம்தான். மணல்வெளியில் முள்ளும் புதருமாக மண்டிக் கிடப்பது, நம் இலந்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நீஹர் என்ற ஊரில் ஹராபா நெய்கிறார்கள். பழந்துணியை நாடா நாடாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடையாகக் கொடுத்து நெய்கிற கனமான விரிப்பு. எஸ்பார்த்தோ என்ற காட்டுப்புல்லில் கூடையும் கயிறும் முடைகிறார்கள்; அந்தக் காலத்தில் செருப்புகூட அதில்தானாம். தண்ணீர் இல்லாத சீமையில் கிடைத்ததை வைத்துப் பிழைத்த கை வேலை. எனக்கு இங்கே மிகவும் பிடித்தது இதுதான்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். மலைமேல் நின்று பார்த்தால் சமவெளி முழுக்க வெள்ளை வெளேர் என்று பிளாஸ்டிக் கூடாரங்கள், ஏறத்தாழ 30,000 ஹெக்டேர். வட ஐரோப்பாவுக்குக் குளிர்காலத் தக்காளியும் குடைமிளகாயும் இங்கிருந்துதான் போகின்றன. இதற்காக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கரையோரத்தில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. பறிக்கிற வேலை பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்களுக்கு. அவர்களில் பலர் பழைய பிளாஸ்டிக்கும் பலகையும் சேர்த்துக் கட்டிய குடிசைகளில் இருக்கிறார்கள். 2012இல் பக்கத்து கிரானடா கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் வயிற்றில் இந்தக் கூடார பிளாஸ்டிக் கிலோ கணக்கில் இருந்தது. ஆனால் இந்த விவசாயம் வரும்வரை பிழைப்புக்காகக் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போன மாவட்டம் இது. அதனால் ஒரேயடியாகத் திட்டவும் வாய் வரவில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மழை பெய்தால் மிகாஸ் செய்வது இந்த ஊர் வழக்கம். கோதுமை ரவையைப் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டு, கை ஓயும்வரை கிளறி உதிரி உதிரியாக எடுக்கிறார்கள். நம் உப்புமாவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள். கூடவே பொரித்த நெத்திலி, பொரித்த மிளகாய், முள்ளங்கித் துண்டு. நேற்று தூறல் விழுந்ததுமே பக்கத்து வீட்டு அம்மாள் வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டார். எங்களுக்கும் ஒரு தட்டு வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் நெத்திலி அபாரம்!

பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பிவிடுவேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிர்வேல்