ஆளில்லாத பனிவெளியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெலோனைஃப் பற்றிய பயணக் கட்டுரை வாசித்தேன். வட ஒளியைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார், எத்தனை அடுக்கு உடுப்பு வேண்டும் என்பது வரைக்கும். ஆனால் நகரத்தைத் தாண்டினால் "ஆளில்லாத பனிவெளி" என்று ஒரு வரி வருகிறது. இதழ் கைக்கு வந்த கிழமைதான் அந்தப் பனிவெளியிலிருந்து எனக்கு இரண்டாவது தொலைபேசி அழைப்பும் வந்தது.

கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில், வீதியே போகாத, டெனே என்னும் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் மூன்று வருடம் படிப்பித்தவள் நான். முந்நூறு சொச்சம் பேர். முதல் அழைப்பில் என் பழைய மாணவி, செட்சுனே போய்விட்டா என்றாள். அம்மம்மா என்று அர்த்தம். ஊருக்கே அவ அம்மம்மாதான். பத்தொன்பது நாள் கழித்து அவவின் கணவரும் போய்விட்டார். குடும்பத்தார் விரும்பாததால் பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

அந்த மனிதரை ஆறு வயதில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று திருச்சபை நடத்திய விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்மொழி பேசினால் அடி. ஊர் திரும்பியபோது அவரிடம் மிஞ்சியது ஆங்கிலமும் கொஞ்சம் செபமும்தான். அவவை மட்டும் பெற்றோர் காட்டு முகாமில் ஒளித்து வைத்து வளர்த்தார்கள். கலியாணம் முடித்தபிறகு அவர் தன் சொந்த மொழியை மனைவியிடம் முதலிலிருந்து படித்தார். நான் போன காலத்திலும் அவர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் அவ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் திருத்துவா. அறுபது வயதுக்கு மேற்பட்ட மாணவர்! கனடா அரசாங்கம் 2008இல் விடுதிப் பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்த வீட்டுக்குள் திருத்த வேலை தொடங்கிவிட்டது.

குளிர்காலத்தில் அவர் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போவார். பனிக்கட்டியில் ஓட்டை வெட்டி, கயிறு கட்டிய நீளப் பலகை ஒன்றை அடியால் விடுவார். மேலே நின்று கயிற்றை இழுக்க இழுக்க அது பனிக்கடியில் தத்தித் தத்தி முன்னே போகும். அது எங்கே தட்டுகிறது என்று பிள்ளைகள் பனியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே பின்னால் ஓடவேண்டும். கண்டுபிடித்த இடத்தில் அடுத்த ஓட்டை. பிறகு அந்தக் கயிற்றோடு வலையை இழுத்துக் கட்டினால் வெண்மீன். அவவின் வேலை தோல். மூஸ் மானின் தோலைச் சுரண்டி, மூளையைக் கரைத்துத் தேய்த்து, இழுத்து இழுத்து மென்மையாக்கி, கடைசியில் உக்கின மரத்தை எரித்துப் புகை போடுவா. நல்ல விறகைப் போட்டால் தோல் கெட்டது. என் வகுப்பு மேசையில்கூட அந்த வாசம் இருந்தது.

கரிபூ என்னும் பனிமான் வேட்டையை அவர் கடைசி வருடங்களில் விட்டுவிட்டார். அந்தப் பக்கத்துப் பாதர்ஸ்ட் கரிபூ மந்தை 1980களில் நாலரை இலட்சத்துக்கு மேல் இருந்தது. 2018 கணக்கெடுப்பில் சுமார் 8,200. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். கேட்டால் எழும்பி அடுப்புக்கு விறகு வைக்கப் போவார்.

இருவருமே யெலோனைஃப் மருத்துவமனையில்தான் கண்மூடினார்கள். சின்ன விமானத்தில் ஊருக்கு வந்தார்கள். நான் போக முடியவில்லை, ஆனால் அந்த ஊரில் மூன்று சாவீடு பார்த்திருக்கிறேன். பள்ளியும் அலுவலகமும் பூட்டிவிடும். உறைந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கி ஆண்கள் குழி தோண்டுவார்கள். பாதிரியாரின் பூசையும் உண்டு, பறையும் உண்டு. பறை என்றே எழுதுகிறேன், ஏனென்றால் கரிபூத் தோல் போர்த்த அந்த மேளத்தையும் தட்டுமுன் நெருப்பில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுகிறார்கள். பிறகு நெருப்புக்கு உணவு ஊட்டுவார்கள்: இறந்தவர்களுக்கென்று இறைச்சியும் மீனும் புகையிலையும் தீயில் இடுவது. இந்த முறை பத்தொன்பது நாளில் இரண்டு தரம் அந்த நெருப்பை மூட்டவேண்டி வந்தது. இரண்டாவது தரம் மேளம் தட்டியவர்களில் மூன்று பேர் என்னிடம் கூட்டல் கழித்தல் படித்த பொடியன்கள்.

கட்டுரையாளரை நோகடிக்க இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: வடமேற்குப் பிரதேசங்களில் 11 ஆட்சிமொழிகள், அவற்றில் 9 பழங்குடி மொழிகள். ஆளில்லாத வெளிக்கு ஏன் இத்தனை மொழி? 614 மீற்றர் ஆழமான அந்த ஏரிக்கு டெனே மொழியில் 'டு நெதே' என்று பெயர் இருக்கிறது. ஸ்லேவ், அதாவது அடிமை, என்பது அயலவரான கிறீ மக்கள் டெனே மக்களுக்கு இட்ட இளக்காரப் பெயரை வெள்ளைக்காரர் மொழிபெயர்த்து ஏரிக்கு ஒட்டியது. அடுத்தமுறை அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதினால் டு நெதே என்றும் ஒருமுறை போடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் இரண்டு பிரதி அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தமிழ் வாசிக்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆனாலும் மண்டபச் சுவரில் அவர்களின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டும் என்று மாணவி கேட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ