64 மில்லிமீட்டர்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. உன் சித்தப்பா மகன் உயரம் கூட்டிக்கொள்ளும் அறுவை சிகிச்சைக்குத் துடிக்கிறான் என்றும், அதைச் செய்துகொண்டவர்களில் உனக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். இப்படிக் கேட்டவனுக்கு நான்கு வரியில் "நன்றாக இருக்கிறேன்" என்று எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் உயர வரிசைப்படி நிற்கச் சொல்லும்போதெல்லாம் நான் முதல் ஆளாகவும் நீ எனக்கு அடுத்த ஆளாகவும் நின்றிருக்கிறோம். ஒரு கோடை விடுமுறையில் நீ வளர்ந்து பின்வரிசைக்குப் போய்விட்டாய், நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆகையால் அந்தத் தம்பியின் ஆசையைப் புரியாத ஆசை என்று என்னால் ஒதுக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அறுவை சிகிச்சை நடந்து இந்த மாதத்தோடு பதினொரு மாதம் முடிகிறது. 160 சென்டிமீட்டர் இருந்தவன் இப்போது 166.4 சென்டிமீட்டர் இருக்கிறேன். நான் திட்டமிட்டது 7.5 சென்டிமீட்டர். அந்தப் பதினொரு மில்லிமீட்டர் ஏன் குறைந்தது என்பதைத்தான் உனக்கு விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

ஆயத்தங்களிலிருந்து தொடங்குகிறேன். முழுக் காலும் தெரியும்படி நின்ற நிலையில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு ஆகியவை வழக்கமானவைதான். புகைப்பவருக்கு எலும்பு கூடுவது தாமதமாகும் என்பதால் அந்தப் பழக்கம் அறவே கூடாது என்பார்கள். எனக்கு அது இல்லை. மூன்று மாதம் முன்பிருந்தே தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்யச் சொன்னார்கள், நான் பெரும்பாலும் மாலையில் மட்டுமே செய்தேன், அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன். ஆனால் இவை எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது மனநல மருத்துவரோடு நடந்த மூன்று சந்திப்புகள். ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு உயரம் இருந்தால் போதும்?" முதல் முறை 168 என்றேன், இரண்டாம் முறை 170, மூன்றாம் முறை யோசிக்காமலே 172 என்றேன். அவர் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். எதுவும் பேசவில்லை. அன்று ஒத்திவைக்கப்பட்ட அறுவை சிகிச்சை ஆறு மாதம் கழித்துத்தான் நடந்தது. அப்போது எனக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது, இப்போது அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அந்த ஆறு மாதம் முடிந்து மறுபடி போனபோது அவர் ஒரு தாளைக் கொடுத்து, எந்தெந்த நிலை வந்தால் நீட்டுவதை நிறுத்திக்கொள்வேன் என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். முழங்கால் முழுதாக நிமிராமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், பாதத்தில் உணர்வு குறைந்தால், கால் விரலைத் தூக்கும் பலம் குறைந்தால், எந்த அளவில் இருந்தாலும் நிறுத்துவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதும்போது அதை ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன்.

செய்முறையைத் தம்பி ஏற்கெனவே படித்திருப்பான், ஆனாலும் உனக்காக எழுதுகிறேன். தொடை எலும்பின் நடுவே உள்ள குழலுக்குள் ஒரு டைட்டானியம் ராடை இறக்குகிறார்கள். அதற்கு முன் எலும்பில் சிறு துளைகளை வரிசையாக இட்டு, அந்தத் துளைகளின் வழியே உளியால் எலும்பைப் பிளக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்தால் சூட்டில் எலும்பு கருகிவிடும், எலும்பை மூடியிருக்கும் எலும்புறையும் கிழிந்துவிடும். புது எலும்பை வளர்ப்பதில் அந்த உறைக்குப் பெரும் பங்கு உண்டு. எலும்புக் குழலைக் குடையும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தால் மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைவதுதான் இந்த அறுவை சிகிச்சையின் மிகப் பயங்கரமான ஆபத்து. அந்தத் துளைகள் அழுத்தத்தை வெளியேற்றும் வழியாகவும் பயன்படுகின்றன. இரண்டு தொடைகளையும் ஒரே நாளில் செய்தால் அந்த ஆபத்து கூடும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்தான் நான் தெளிவாகக் கேட்டு அறிந்தேன். தம்பி முதல் நாளே கேட்க வேண்டும்.

ஆறு நாள் எதுவும் செய்யாமல் காத்திருந்தோம். பிளந்த இடத்தில் எலும்பு கூடத் தொடங்குவதற்கான அவகாசம் அது. ஏழாம் நாள், காந்தம் பொருத்திய கருவியைத் தொடையில் மையால் குறித்த இடத்தின் மேல் வைத்தார்கள். உள்ளே ராடில் இருக்கும் காந்தம் சுழன்று அதைக் கால் மில்லிமீட்டர் நீட்டியது. ஓரிரு நிமிட வேலை. வலி இல்லை, அசைவு தெரியவில்லை. நாளுக்கு நான்கு முறை, மொத்தம் 1 மில்லிமீட்டர். இந்த அளவு மனம்போன போக்கில் வைத்ததல்ல. இதைவிட வேகமாக இழுத்தால் எலும்பு உருவாகாது, நரம்பும் தசையும் தாங்காது. மிக மெதுவாக இழுத்தால் நீளும் முன்பே எலும்பு ஒட்டிக்கொள்ளும். சைபீரியாவில் குர்கான் என்னும் நகரில், போரில் காயம்பட்ட கால்களோடு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இலிசாரோவ் என்னும் மருத்துவர், 1950களில் தொடங்கிப் பல்லாண்டு உழைத்துக் கண்ட கணக்கு இது. அவர் காலுக்கு வெளியே வளையங்களைப் பொருத்தி, கம்பிகளை எலும்பின் ஊடே செலுத்தி இழுத்தார், இன்று அந்த வேலையை உள்ளே இருக்கும் ராடு செய்கிறது. ஒரு கால் குட்டையாகப் பிறந்த குழந்தைகளுக்காகவும் முறிந்து சேராத எலும்புகளுக்காகவும் வளர்ந்த ஒரு வைத்தியத்தை, ஊனம் ஏதும் இல்லாத நான் எடுத்துக்கொண்டேன் என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்து அறையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி அதே வளையங்களோடு இருந்தாள். அவளைக் கடந்து சக்கர நாற்காலியில் போகும்போதெல்லாம் தலை குனிந்துகொள்வேன்.

முதல் நாற்பது நாள் குறையில்லாமல் போயிற்று. வாரந்தோறும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிளவுக்கு நடுவில் முதலில் ஒன்றுமே தெரியாத கருமை, பிறகு மெல்லிய மேகம், பிறகு அந்த மேகத்துக்குள் நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். என் எலும்பு எனக்குக் கீழ்ப்படிந்தது. கீழ்ப்படியாதது தசை. எலும்பு புதிதாக முளைக்கிறது, ஆனால் தசையும் நரம்பும் அதே வேகத்தில் வளர்வதில்லை, பெரும்பாலும் இருப்பதையே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு அவற்றுக்கு வேண்டிய நேரத்தை நாம் கொடுப்பதில்லை. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிசியோதெரபி செய்தும், 40 மில்லிமீட்டரை எட்டியபோது இடது முழங்கால் கட்டிலில் படிய மறுத்தது.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு இரவும் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலின் அடியில் தன் விரல்களை நுழைத்துப் பார்ப்பாள். ஒரு விரல் நுழைந்தால் "இன்று நன்றாக இருக்கிறது" என்பாள். இரண்டு விரல் நுழைந்தால் எதுவும் சொல்லாமல் வெந்நீர்ப் பையை எடுத்துவருவாள். மூன்று விரல் நுழைந்த இரவில், என்னைப் பார்க்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். மறுநாள் மருத்துவர் ஐந்து நாள் நீட்டுவதை நிறுத்திவைத்தார். பிறகு நாளுக்கு முக்கால் மில்லிமீட்டராகக் குறைத்துத் தொடர்ந்தோம். வலி பொறுக்காமல் வழக்கமான வலி மாத்திரையைக் கேட்டால், அவற்றில் பல எலும்பு வளர்வதைத் தடுக்கக்கூடும் என்று வேறு மருந்துதான் தந்தார்கள், அது பாதி வலிக்குத்தான் போதுமானதாக இருந்தது.

அந்தக் குறைந்த வேகத்தில் 32 நாள் போனபோது 64 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. அன்று காலை இடது பாதத்தின் மேல்புறம் மரத்துப்போயிருந்தது. பெருவிரலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன், ஆனால் வலது விரலைப்போல் மேலே எழவில்லை. சில நாள் நிறுத்திப் பார்த்து இன்னும் மெதுவாகத் தொடரலாம் என்ற வாய்ப்பை மருத்துவர் மறுக்கவில்லை. முடிவை என்னிடம் விட்டார். நண்பா, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு பிற்பகல் முழுவதும் நான் தொடரலாம் என்றே வாதாடிக்கொண்டிருந்தேன். இவ்வளவு பட்டபின் பதினொரு மில்லிமீட்டரை விடுவதா என்ற ஒரே எண்ணம். ஒருவேளை தொடர்ந்திருப்பேன். அந்தத் தாளை அக்கா எடுத்துவந்து படித்துக் காட்டினாள், என் கையெழுத்தை என்னாலேயே மறுக்க முடியவில்லை. அன்றே நிறுத்தினோம். பாதத்தில் உணர்வு திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று, விரலின் பலம் அதற்கும் பின்னால் வந்தது.

நிறுத்தியதோடு சிகிச்சை முடிந்துவிடவில்லை. நீண்ட இடத்தில் இருப்பது இன்னும் எலும்பாகாத எலும்பு. புது எலும்பின் நான்கு பக்கச் சுவர்களில் குறைந்தது மூன்று சுவர்கள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்வரை முழு எடையை ஊன்றக் கூடாது என்றார்கள். அதுவரை வாக்கர், பிறகு ஊன்றுகோல். கையில் எதுவும் இல்லாமல் நடந்தது ஏழாம் மாதத்தில். முழு எடையையும் உடனே தாங்கும் எஃகு ராடு ஒன்று சில காலம் புழக்கத்தில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த எலும்பில் மாற்றங்கள் தென்பட்டதால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே "அடுத்த மாதமே நடக்கலாம்" என்று யாராவது தம்பியிடம் சொல்லியிருந்தால், எந்த ராடு, எவ்வளவு எடை என்று கேட்கச் சொல். சீனாவில் அழகுக்காக மட்டும் இதைச் செய்வதை 2006இலேயே தடைசெய்துவிட்டார்கள். தடை செய்யும் அளவுக்கு என்ன நடந்திருக்கும் என்று அவன் ஒரு கணம் யோசித்தாலும் நல்லது.

இனி உன் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரிக்கு வருகிறேன். அவன் கைப்பந்து ஆடுபவன் என்றும், இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் இருந்தால் பெரிய அணியில் இடம் கிடைக்கும் என்பதே அவன் கணக்கு என்றும், சோவியத் உயரத் தாண்டல் வீரர் புரூமெல் இலிசாரோவிடம் சிகிச்சை பெற்று மறுபடி தாண்டினார் என்பதை அவன் சான்றாகக் காட்டுகிறான் என்றும் எழுதியிருந்தாய். அவன் சொல்வது நடந்ததுதான், ஆனால் பாதிக் கதை. 1964இல் டோக்கியோவில் தங்கம் வென்ற புரூமெல், அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் எலும்பு சேராமல் இருந்தவர். இலிசாரோவ் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது உடைந்துபோயிருந்த காலை. அதன்பின் அவர் 2 மீட்டருக்குச் சற்று மேல் தாண்டினார், அது பெரிய சாதனைதான். ஆனால் 1963இல் அவர் நிறுவிய உலக சாதனை 2.28 மீட்டர். முழுமையாக இருக்கும் ஒரு காலைப் பிளந்து நீட்டினால் தாண்டும் சக்தி கூடும் என்பதற்கு அவர் சான்று அல்லர். நீட்டப்பட்ட தசை பலம் குறைந்த தசை. நான் இன்று படிக்கட்டில் இறங்குகிறேன், மெதுவாக ஓடவும் முயல்கிறேன், ஆனால் இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பும்படி குதிக்க இன்னும் துணிவு வரவில்லை. கைகள் நீள்வதில்லை என்பதையும் அவனிடம் சொல். வலைக்கு மேலே எட்ட வேண்டியது கை.

ஆகவே விளையாட்டுக்காக என்றால் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இதை நீ என் பெயரைச் சொல்லியே அவனிடம் சொல்லலாம். வேறு காரணம் அவன் உள்ளே இருந்து, கைப்பந்தை ஒரு மறைப்பாகச் சொல்கிறான் என்றால், அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும். எனக்கும் வெளியே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. "இப்போது மகிழ்ச்சியா?" என்று நீ கேட்டதற்கு, ஆம் என்றே பதில் எழுதுகிறேன். கண்ணாடியில் பார்க்கும்போது எனக்குப் பழைய எரிச்சல் இல்லை. ஆனால் அந்த எரிச்சலில் எவ்வளவு இந்த 64 மில்லிமீட்டரால் போயிற்று, எவ்வளவு அந்த ஆறு மாதக் காத்திருப்பிலேயே போயிற்று என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் எனக்கு எக்ஸ்ரே இருக்கிறது. எலும்பு நன்றாக இறுகியிருந்தால் ராடை எடுக்கும் நாளைக் குறிப்பார்கள், அது இன்னொரு சிறிய அறுவை சிகிச்சை. அவனை அழைத்துக்கொண்டு அதற்கு முன் வா. பழைய எக்ஸ்ரேக்கள் அனைத்தையும் தேதி வரிசைப்படி வைத்திருக்கிறேன், அவன் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். பிசியோதெரபி நடக்கும் இடத்துக்கு ஒரு காலை முழுவதும் என்னோடு வரட்டும், அங்கே இப்போது நீட்டிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், பேச விரும்புபவர்கள். அக்காவிடமும் அவன் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நான் மறந்துவிட்ட இரவுகள் அவளுக்கு நினைவிருக்கின்றன. இடது முழங்காலின் அடியில் காலை வேளையில் இன்னும் ஒரு விரல் நுழைகிறது, மாலைக்குள் சரியாகிவிடுகிறது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்